காட்டோர வீடுகளுக்குத் தீப் பாதுகாப்பு: சங்கத்தின் காசு முதலில் எங்கே போக வேண்டும்?

காட்டுத்தீ என்றதும் சென்னைக்காரர்களுக்குக் குரங்கணிதான் நினைவுக்கு வரும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்து மலைச்சரிவில் காய்ந்த புல்லில் பரவிய தீ 20 பேருக்கு மேல் பலிகொண்டது. இங்கிருந்து மலையேற்றத்துக்குப் போனவர்களும் அதில் இறந்தார்கள். அதெல்லாம் எங்கோ மலையில் நடக்கிற விஷயம் என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஆனால் வண்டலூர் உயிரியல் பூங்காவை ஒட்டிய காப்புக்காடு, மேடவாக்கம் பக்கத்தில் சுமார் 320 ஹெக்டேரில் உள்ள நன்மங்கலம் காப்புக்காடு, நகரத்துக்கு நடுவே 2.7 சதுர கிலோமீட்டரில் இருக்கும் கிண்டி தேசியப் பூங்கா என்று நமக்கும் காடு உண்டு. அந்தக் காட்டு வேலியை ஒட்டியே வீடுகள் வந்துவிட்டன.

வடகிழக்குப் பருவமழையில் தளதளவென்று வளரும் புல், தை பிறந்ததும் காயத் தொடங்கும். மாசி, பங்குனியில் வேம்பும் புங்கையும் இலை உதிர்க்கும். மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம், கூடவே மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று. அணைக்காமல் போட்ட ஒரு பீடித் துண்டு, குப்பைக்கு வைத்த நெருப்பு, உரசிக்கொண்ட மின்கம்பி, இதில் ஏதாவது ஒன்று போதும்.

காட்டோரத்தில் இருக்கும் எந்தக் குடியிருப்போர் நலச்சங்கத்திலும் இந்தப் பேச்சு வந்தால் நான்கு யோசனைகள் எழும். எங்கள் சங்கத்திலும் அப்படித்தான். வேலியோரக் காட்டை அகலமாக வெட்டிவிடலாம் என்பது ஒன்று. பெரிய தொட்டி, மோட்டார், மொட்டை மாடிகளில் தண்ணீர் தெளிப்பான் என்பது இரண்டு. வீட்டையும் வீட்டைச் சுற்றியுள்ள சில மீட்டர்களையும் சரிசெய்வது மூன்று. காவலும் எச்சரிக்கையும் வெளியேறும் திட்டமும் நான்கு. எல்லாவற்றையும் செய்யக் காசு இருக்காது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்றாவதில் தொடங்குங்கள், நான்காவதைக் கூடவே செய்யுங்கள், முதலாவதை வனத்துறையின் கையில் விடுங்கள், இரண்டாவதைச் சிறிய அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு எப்படிப் பற்றுகிறது?

தீ ஒரு வீட்டை மூன்று வழிகளில் பிடிக்கும். சுவாலை நேராகத் தொடலாம். தொடாமலே அதன் அனல் சுட்டுப் பற்றவைக்கலாம். அல்லது காற்றில் பறந்துவரும் கங்கு ஏதாவது இண்டு இடுக்கில் விழுந்து, யாரும் பார்க்காமல் புகைந்து, பிறகு எரியலாம். நாம் பயப்படுவது முதல் இரண்டுக்கும். வீடுகளை அதிகம் அழிப்பது மூன்றாவது.

அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹன் 1990களின் கடைசியில் இதைச் சோதித்துப் பார்த்தார். கனடாவின் வடமேற்கில் உண்மையான காட்டையே எரித்து நடந்த ஆய்வில், காட்டு விளிம்பிலிருந்து 10, 20, 30 மீட்டர் தூரங்களில் மரச்சுவர்களை நிறுத்தினார்கள். மர உச்சி வரை எரிந்த அந்தத் தீயில்கூட, 10 மீட்டரில் நின்ற சுவர்கள் சில தடவை மட்டும் பற்றின. 20, 30 மீட்டரில் நின்றவை பற்றவில்லை. ஆகவே ஒரு வீடு தப்புமா தப்பாதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்த வீடும், அதைச் சுற்றியுள்ள 30 மீட்டருக்குள் இருப்பவையும்தான் என்பது கோஹனின் முடிவு. 2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரம் எரிந்தபோது 85 பேர் இறந்தார்கள், 18,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அந்தப் படங்களைப் பார்த்தால், வீடு சாம்பலாகிக் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மரம் பச்சையாக நிற்கும். காட்டுச் சுவாலை வந்து வீட்டை விழுங்கவில்லை. கங்கு வந்து வீட்டைப் பிடித்தது, ஒரு வீடு அடுத்த வீட்டைப் பிடித்தது.

இதில் நமக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. அங்கே பெரும்பாலான வீடுகள் மரச்சட்டத்தில் நிற்பவை. நம்முடையவை செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும். வண்டலூர் மலையடியில் எரிவது பைன் காடும் இல்லை. முழங்கால் உயரப் புல், காரை, களா, உண்ணிச்செடி, சீமைக் கருவேலம், அங்கங்கே தைலமரம், பனை. சுவாலை குட்டை, ஓட்டம் வேகம். ஒரே இடத்தில் நீண்ட நேரம் நின்று எரிகிற தீ இல்லை. அதனால் நம் வீட்டின் சுவருக்கும் தளத்துக்கும் ஆபத்து குறைவு. கட்டி முடித்த பிறகு அதன்மேலும் அதைச் சுற்றியும் நாம் சேர்த்துக்கொண்டவைதான் பலவீனம்.

காட்டை வெட்டுவது

கூட்டத்தில் அதிகம் கைதட்டல் வாங்குவது இந்த யோசனைதான். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. முதலில் சட்டம்: வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது காப்புக்காடு. 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி அனுமதியில்லாமல் அங்கே வெட்டுவதும் எரிப்பதும் ஆடு மாடு மேய்ப்பதும் குற்றம். சங்கம் தீர்மானம் போட்டு விட்டால் அது மாறிவிடாது.

சட்டம் இல்லாவிட்டாலும் இது நல்ல யோசனை இல்லை. நன்மங்கலம், வண்டலூர் போன்ற இடங்களில் மிஞ்சியிருப்பது இந்தக் கடற்கரைச் சமவெளியின் பழைய புதர்க்காடு. நிழல் தரும் மரத்தையும் பசுமையான புதரையும் எடுத்தால் அந்த இடத்தில் வெயில் விழும். அடுத்த மழையில் புல்லும் சீமைக் கருவேலமும் அங்கே குடியேறும். மெதுவாக எரியக்கூடியதை எடுத்துவிட்டு வேகமாக எரியக்கூடியதை வளர்த்தவர்களாவோம். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் வண்டலூரிலும் கிண்டியிலும் மரங்களைச் சாய்த்தபோது காட்டுக்குள் திடீரென்று எவ்வளவு வெளிச்சம் வந்தது என்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

வனத்துறை போடும் தீத்தடுப்புக் கோடு வேறு விஷயம். கோடைக்கு முன்னால் வேலியோரமாக சில மீட்டர் அகலத்துக்குப் புல்லையும் சருகையும் மண் தெரியும்வரை எடுத்துவிடுவார்கள். தரையோடு ஊர்ந்துவரும் புல் தீயை அது நன்றாகவே நிறுத்தும். வனக்காவலர்கள் நடந்துபோய்ப் பச்சைத் தழையால் அடித்து அணைக்கவும் அதுவே பாதை. ஆனால் பலமான காற்றில் கங்கு அதைத் தாண்டும். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்காவிட்டால் பயனும் இல்லை. எனவே சங்கம் செய்ய வேண்டியது, மார்கழியிலேயே வனச்சரக அலுவலகத்துக்கு மனு கொடுத்து, உங்கள் வேலியோரமும் அந்த வருடத் திட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டு, ஆள் உதவி தேவையா என்று விசாரிப்பது. செலவு அநேகமாக இல்லை. அலைச்சல் உண்டு.

வெட்ட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அது வேலிக்கு இந்தப் பக்கம். மனை வாங்கிப் போட்டுவிட்டு வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்களின் காலி மனைகள் ஒவ்வொரு லேஅவுட்டிலும் உண்டு. இடுப்பளவு காய்ந்த புல், அதன் நடுவே யாரோ கொட்டிய தெர்மாகோலும் பிளாஸ்டிக்கும். காட்டிலிருந்து வரும் தீ வீட்டுக்கு வர வழி அதுதான். பல சமயம் தீ தொடங்குவதே அங்கேதான். உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிச் சங்கமே வருடம் ஒருமுறை புல்வெட்டும் இயந்திரம் விட்டு, செலவைப் பராமரிப்புக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஆடு வளர்ப்பவர் இருந்தால் இன்னும் நல்லது. காப்புக்காட்டில் மேய்க்கத்தான் தடை, நம் மனையில் இல்லை. பதில் சொல்லாத உரிமையாளர் என்றால் ஊராட்சியிலோ மாநகராட்சியிலோ மனு கொடுத்து நோட்டீஸ் அனுப்பச் சொல்லலாம். வெட்டிய புல்லை அங்கேயே குவித்து எரித்துவிடுவார்கள், அதை மட்டும் அனுமதிக்காதீர்கள்.

தண்ணீர்

தண்ணீர் ஏற்பாடு கண்ணுக்குத் தெரியும் பாதுகாப்பு. அதனால் ஆசையாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தெளிப்பான் நிமிடத்துக்கு 15 லிட்டர் என்று வையுங்கள். ஒரு வீட்டுக்கு 6 தெளிப்பான் என்றால் 90 லிட்டர். 2 மணி நேரம் ஓட 10,800 லிட்டர் வேண்டும். காட்டோர வரிசையில் 20 வீடுகள் இருந்தால் 2,16,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி 18. இதை எந்த மாதத்தில் சேமித்து வைக்க வேண்டும்? மே மாதத்தில். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டு, குடிக்கிற தண்ணீருக்கே லாரியை எதிர்பார்த்து நின்ற ஊர் இது. போர்வெல் வற்றும் அதே மாதங்களில்தான் தீயும் வருகிறது.

இன்னொன்று மின்சாரம். தீ மின்கம்பிப் பக்கம் வந்தால் முதலில் மின்சாரத்தை நிறுத்துவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். அந்த நிமிடமே மோட்டார் நின்றுவிடும். டீசல் பம்ப் இல்லாத தெளிப்பான் அமைப்பு அலங்காரம்தான். டீசல் பம்ப் என்றால் அதை மாதாமாதம் ஓட்டிப் பார்க்க ஒருவர் வேண்டும். சங்கம் நடத்திய அனுபவமுள்ளவர்களுக்கு இது எவ்வளவு நாள் நடக்கும் என்று தெரியும்.

கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தெளிப்பான்கள் வீடுகளைக் காப்பாற்றியதுண்டு. மரக்கூரை வீட்டுக்கு அந்தச் செலவு நியாயம். கான்கிரீட் தளத்தை நனைத்து நாம் என்ன காப்பாற்றப் போகிறோம்?

அதற்குப் பதிலாக நான் வாங்கச் சொல்வது: வயலில் மருந்தடிக்கும் 16 லிட்டர் முதுகுத் தெளிப்பான் சில, சணல் சாக்குகள், இரும்பு வாரி, மண்வெட்டி, தெருவுக்கு ஒன்றாக நீளமான ரப்பர் குழாய். பறந்துவந்து விழுந்த கங்கை அணைக்கவும், தீ கடந்துபோன பிறகு மீண்டும் புகைவதைத் தேடி அணைக்கவும் இவை போதும். கூடவே பொதுச் சம்ப்பில் கோடை முழுக்க ஒரு பங்கு தண்ணீரைத் தொடாமல் வைத்து, தீயணைப்பு வண்டி குழாயை இறக்கும்படி அதன் மூடியைத் திறந்து வைக்கக்கூடிய இடத்தில் அமைக்க வேண்டும். மூடிமேல் காரை நிறுத்துவது நம் எல்லாக் குடியிருப்புகளிலும் வழக்கம். அதற்கு இப்போதே முடிவு கட்டுங்கள்.

வீடும் அதைச் சுற்றிய சில அடிகளும்

சுவரிலிருந்து முதல் ஒன்றரை மீட்டர்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். அதில் எரியக்கூடியது எதுவுமே இருக்கக் கூடாது. கங்கு காற்றோடு வந்து சுவரில் மோதி, சுவரடியிலேயே விழுந்து குவியும். அங்கே சருகு இருந்தால் பற்றும், ஜல்லியோ சிமெண்ட் தரையோ வெறும் மண்ணோ இருந்தால் அணையும். அழகுக்காகச் சுவரை ஒட்டி நட்ட நெட்டிலிங்கம், மூங்கில் தட்டி, தேங்காய் மட்டைக் குவியல், தென்னந்துடைப்பம், கால்மிதி, பழைய செய்தித்தாள், ஷூ வைக்கும் மர அலமாரி எல்லாம் இந்தக் கோட்டுக்கு வெளியே போக வேண்டும். வெளியே வைத்திருக்கும் சமையல் எரிவாயு சிலிண்டரைச் சுற்றி இதே விதி, இன்னும் கண்டிப்பாக.

அடுத்து சுமார் 10 மீட்டர் வரை. இங்கே மரத்தை வெட்ட வேண்டியதில்லை. வேம்பு, புங்கை, மா இருக்கட்டும், நிழல் மண்ணின் ஈரத்தைக் காக்கும். அடிக்கிளைகளை ஆள் உயரம் வரை கழித்துவிட்டு, அடியில் புதர் இல்லாமல் பார்த்துக்கொண்டால் தரைத் தீ மரத்தில் ஏறாது. தென்னையின் காய்ந்த மட்டைகளைக் கோடைக்கு முன் இறக்குங்கள். பனை இருந்தால் அதன் கழுத்தில் தொங்கும் காய்ந்த ஓலையைக் கழியுங்கள். அது ஒரு கங்கில் பிடித்து, எரியும் துண்டுகளை நாலு வீட்டுக்கு வீசும். பனையையே வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால், அதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று நினைவுபடுத்துங்கள். கழித்தால் போதும். வாழையும் கீரைப் பாத்தியும் இந்த வளையத்தில் நல்ல பயிர்கள்.

பிறகு மொட்டை மாடி. நம் வீடுகளில் நான் அதிகம் அஞ்சுவது இதைத்தான். தென்னங்கீற்றுக் கொட்டகை, பச்சை நிழல்வலை, மாடித்தோட்டத்துப் பைகளில் காய்ந்த தென்னைநார்க் கழிவு, பிளாஸ்டிக் தொட்டி, பழைய மெத்தை, உடைந்த நாற்காலி. தென்னைநார்க் கழிவு சுவாலையே இல்லாமல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். காட்டை ஒட்டிய முதல் இரண்டு வரிசை வீடுகளில் கீற்றுக் கொட்டகை வேண்டாம் என்று சங்கம் விதியே போடலாம். வெயிலுக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். வெள்ளைக் குளிர்பூச்சு அடிக்கலாம், தகரக் கூரை போடலாம். மாடியின் மழைநீர் வடிகுழாய் வாயிலும் சன்ஷேடு மேலும் தங்கும் சருகை மாசியிலிருந்து வாரம் ஒருமுறை கூட்டித் தள்ளுங்கள்.

கடைசியாகத் திறப்புகள். குளியலறை, சமையலறை வென்டிலேட்டர், ஏ.சி. குழாய் போகும் துளை, புகைபோக்கி, பரண் ஜன்னல். நம் கொசுவலைகள் பெரும்பாலும் நைலான், கங்கு பட்டால் உருகி ஓட்டையாகும். காட்டைப் பார்க்கும் பக்கத்திலாவது 2 மில்லிமீட்டர் கண்ணுள்ள துருப்பிடிக்காத கம்பிவலை போடுங்கள். ஆஸ்திரேலியாவில் காட்டுத்தீப் பகுதி வீடுகளுக்கான கட்டட விதி கேட்பதும் அந்த அளவுதான். கொசுவுக்கு அது போதாது, உள்பக்கம் நைலான் இருக்கட்டும்.

இந்த யோசனைக்கு ஒரு பலவீனம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. சங்கம் காசு போட்டால் முடிந்துவிடும் வேலை இல்லை இது. ஒவ்வொரு வீடும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் வீட்டுக் கீற்றுக் கொட்டகை பக்கத்து வீட்டுக்கும் ஆபத்து. ஆனாலும் தெளிப்பான் அமைப்பின் செலவில் ஒரு சிறு பகுதியில் முதல் வரிசை வீடுகள் அனைத்துக்கும் கம்பிவலையே போட்டுக் கொடுத்துவிடலாம். வருகிற வருடங்களுக்கும் அது நிற்கும். சருகு எடுத்தால் கண்ணாடி விரியன் தங்க இடமும் குறையும். தீயைப் பற்றிக் கவலைப்படாத வீட்டுக்காரரைக்கூட இந்த ஒரு காரணத்தால் சம்மதிக்க வைக்க முடிகிறது.

காவலும் வெளியேறுவதும்

இதற்குச் செலவு மிகக் குறைவு. இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் காட்டுத்தீ எச்சரிக்கை அனுப்புகிறது, பொதுமக்களும் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் செயற்கைக்கோள் நாளுக்குச் சில முறைதான் தலைக்கு மேல் கடக்கும். அரை மணி நேரத்தில் ஓடி முடியும் நம் புல் தீயை அது பிடிக்கும் என்று நம்பி இருக்க முடியாது. பங்குனி முதல் ஆனி வரை மதியத்தில் மாடியிலிருந்து காட்டைப் பார்க்கும் ஒரு வாட்ச்மேன், கையில் 101 எண்ணும் வனச்சரக அலுவலக எண்ணும், இது அதைவிடப் பயன்.

காற்றைப் பற்றி அவருக்கு ஒன்று சொல்லிக் கொடுக்க வேண்டும். கோடையில் காலை முழுக்க மேற்குக் காற்று, பிற்பகலில் கடற்காற்று உள்ளே வரும்போது திசை திரும்பும். அதுவரை நீளமாகப் பக்கவாட்டில் எரிந்துகொண்டிருந்த ஓரம் அப்போது முகப்பாகிவிடும். 2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 173 பேர் இறந்த தீயிலும் மாலையில் காற்று திரும்பியதுதான் நிலைமையை மோசமாக்கியது. தீ நம்மை விட்டு விலகிப் போகிறது என்று நிம்மதியடையக் கூடாது.

இரவில் பூட்டிவைக்கும் பின்கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது, தெருவில் இருபக்கமும் கார் நின்றால் தீயணைப்பு வண்டி உள்ளே வருமா, தாழத் தொங்கும் கேபிள் ஒயர்கள் அதைத் தடுக்குமா, தனியாக இருக்கும் பெரியவர்களை யார் கூட்டிப் போவது. ஒரே கூட்டத்தில் முடிவு செய்துவிடலாம். பாரடைஸில் பலர் இறந்ததற்கு வெளியேறும் சாலைகள் அடைத்துக்கொண்டதும் ஒரு காரணம்.

காப்பீடு தீயைத் தடுக்காது, ஆனால் பேச வேண்டிய விஷயம். 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான வீட்டுக் காப்பீட்டில் காட்டுத்தீயும் புதர்த்தீயும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தால், காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம் வரை, 10 லட்சத்துக்கு மிகாமல், வீட்டுப் பொருட்களுக்கும் தானாகச் சேரும். வீட்டுக்கடன் வங்கி எடுத்துக் கொடுத்த பாலிசி கடன் தொகைக்கு மட்டுமா, முழு வீட்டுக்குமா என்று எடுத்துப் பாருங்கள்.

என் வரிசை எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. மலைச்சரிவின் மேல் விளிம்பில் வீடு இருந்தால் கணக்கு மாறும். சரிவு 10 பாகை கூடினால் மேல்நோக்கிப் போகும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், அனலும் மேலே எழும். அங்கே 10 மீட்டர் போதாது, கீழ்ச்சரிவுப் பக்கம் 30 மீட்டர் வரை புல்லைக் குட்டையாக வைக்க வேண்டும். அது காப்புக்காட்டு நிலமாக இருந்தால் வனத்துறையின் தீத்தடுப்புக் கோட்டைக் கேட்டு வாங்குவதுதான் முதல் வேலை. ஓட்டுவீடு, தகரக் கூரையின் கீழே மரச்சட்டம் போட்ட வீடு, கீற்றுக் கூரைப் பண்ணைவீடு வைத்திருப்பவர்களுக்கும் தண்ணீர் ஏற்பாடு நான் சொன்னதைவிட முக்கியம், டீசல் பம்ப்போடு. அடுக்குமாடியின் நான்காவது மாடியில் இருப்பவருக்குச் சுவரடி பற்றிக் கவலை இல்லை, பால்கனியில் காயும் துணியும் அட்டைப்பெட்டியும்தான் கவலை. மற்றபடி போகிக்கு முன்பே காலி மனைக்காரர்களுக்குக் கடிதம் போய்விட வேண்டும். அவர்களிடமிருந்து பதில் வரத்தான் அதிக நாள் ஆகிறது.